புழுங்கலரிசியின் பெருமை

தீட்டிய வெள்ளரிசியை உயர்வென்றும், புழுங்கலரிசியை எளியோர் உணவென்றும் எண்ணுவார் நம்மிடையே பலர். இவ்வெண்ணத்தின் பொய்ம்மையை மலேயா நாட்டில் நிகழ்ந்ததொன்று காட்டும். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றையோர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முன்னவருள் பலரை, காலை மரக்கச் செய்து இருதயத்தைத் தளர்த்தும் பெரிபெரி நோய் பற்றியது. 18 பேர் மாண்டனர். பின்னவருள் அந்நோயால் மாண்டார் ஒருவருமிலர். அந்நாளில் அந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரிதும் தப்பியதும் புழுங்கலரிசியாலேயாம்.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டை அடுத்துள்ள பி-1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்குகின்றது; பின்னர்த் தீட்டினும் அதில் நற்பகுதி எஞ்சுகின்றது. பச்சரிசியைத் தீட்டுங்கால் அது தவிட்டோடு கழிந்துபோம்.

ஆதலின், விடுதிகளுக்கு அரிசி வாங்குவோர் நிறத்தை நோக்காது குணத்தை நோக்குக என்போம். அச்சத்து நீரிற் கரைவது. பன்முறை களைதலும், வடித்த கஞ்சியைக் கொட்டுதலும் அதனையே கொட்டுதலாம். வைட்டமின் என்னும் பெயரறியாத நம் பாட்டிமார் கஞ்சியைப் போற்றினர். பெயரறிந்த நாம் அதனைச் சாக்கடையில் விடுதல் தகுமோ?