அந்த இரண்டு பெயர்கள்

பெங்களூர் பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில், பெரிய வீட்டில் வயதான கணவனும் மனைவியும் மட்டும் இருப்பது இன்று சாதாரணம். பிள்ளைகள் டொராண்டோவில், சிட்னியில். பக்கத்தில் என்றால் ஒயிட்ஃபீல்டில். கோல்ஸ் பார்க்கில் நடை முடித்து பெஞ்சில் உட்காரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வீடு யாருக்கு, பேங்க் கணக்கில் நாமினி யார் என்பதெல்லாம் தெளிவாகச் சொல்வார்கள். நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தால் உங்களுக்காக டாக்டரிடம் யார் பேசுவது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் பெரியவன் பாத்துக்குவான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அந்தப் பதில் போதாது என்றுதான் இந்த வாரம் எழுதுகிறேன்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் காமன் காஸ் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். மீள வழியில்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. எண்பது வயதில் யார் கோர்ட்டுக்கு அலைவார்கள்? 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜடட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். 2025 ஜனவரி 30 அன்று கர்நாடக சுகாதாரத் துறை இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது. கண்ணியமாகச் சாகும் உரிமைக்காக தாவணகெரேயின் ஓய்வுபெற்ற ஆசிரியை எச்.பி. கரிபசம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடி வந்திருந்தார். சுற்றறிக்கை வந்தபோது அவருக்கு வயது 85.

ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் இன்றும் குற்றம். இங்கே பேச்சு, உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதும் நிறுத்துவதும் பற்றியது. சொத்துக்காகப் பிள்ளைகள் டாக்டரோடு பேசி முடித்துவிட மாட்டார்களா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சை தரும் டாக்டரோடு அனுபவமுள்ள நிபுணர்கள் இருவர் சேர்ந்த குழு முதலில் பார்க்க வேண்டும். பிறகு, மாவட்ட சுகாதார அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். பிள்ளைகள் மட்டும் நினைத்து நடக்கிற காரியமில்லை.

கர்நாடகச் சுற்றறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. எழுதுகிறவர் தன் சார்பில் முடிவெடுக்கக் குறைந்தது இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும். இந்த இரண்டு பெயர்களில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

என் உறவில் ஒரு பெரியவர் கடைசி மூன்று ஆண்டுகள் மகள் வீட்டில் இருந்தார். மாத்திரை கொடுத்தது, குளிப்பாட்டியது, இரவில் எழுந்து பார்த்தது எல்லாம் அவள்தான். "என்னைக் குழாயெல்லாம் சொருகிப் படுக்க வைக்காதேம்மா" என்று அவர் சொன்னதும் அவளிடம்தான். ஐ.சி.யு.வில் சேர்த்த பிறகு முடிவு வெளிநாட்டிலிருந்த மூத்த மகன் கைக்குப் போனது. "எதையும் விடாதீங்க, எல்லாம் பண்ணுங்க" என்றான் வீடியோ காலில். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட இருக்க முடியாத துக்கம் அப்படித்தான் பேசும். அமெரிக்க டாக்டர்கள் இதை "கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்" என்றே பெயர் வைத்துச் சொல்வதுண்டு. தூரத்திலிருந்து கடைசி நேரத்தில் வந்து, எல்லாவற்றையும் செய்யச் சொல்லும் பிள்ளை எங்கும் உண்டு. ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது நடக்கவில்லை. அவர் சொன்னது எழுத்தில் இருந்திருந்தால், அந்த மகளின் பேச்சுக்கு அங்கே ஒரு பலம் இருந்திருக்கும்.

ஆகவே மூத்தவன் என்பதற்காகப் பெயர் எழுதாதீர்கள். கட்டிக் கொடுத்தாயிற்று என்பதற்காக மகளை விடாதீர்கள். உங்கள் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடியவர், "செலவுக்குப் பயந்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசினாலும் தாங்கக் கூடியவர் யாரோ, அவரை எழுதுங்கள். இருவரில் ஒருவராவது பெங்களூரில் இருக்கட்டும். எழுதிய பிறகு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். வெளிநாட்டுப் பிள்ளையையும் அதே பேச்சில் போனில் சேருங்கள்.

பேசும்போது "வென்டிலேட்டரே வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடக் கூடாது. நிமோனியா வந்தவர் சில நாள் வென்டிலேட்டரில் இருந்து நடந்தே வீட்டுக்கு வருவதுண்டு. மீண்டு வர வாய்ப்பிருந்தால் எதுவரை போகலாம், வாய்ப்பே இல்லை என்றால் எதை நிறுத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள். டயாலிசிஸ், மூக்கு வழிக் குழாய், நின்ற இதயத்தை அழுத்தி இயக்குவது ஒவ்வொன்றையும் உங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயத்துக்குப் போகும் பெரியவர்கள் சிலருக்கு, சிகிச்சையை நிறுத்தச் சொல்வது பாவமோ என்ற கலக்கம் இருக்கலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மயக்க மருத்துவர்களிடம் பேசும்போது, அசாதாரண வழிகளையெல்லாம் கையாண்டு உயிரை நீட்டும் கடமை யாருக்கும் இல்லை என்று விளக்கியிருக்கிறார்.

சிகிச்சையை நிறுத்தினால் கைவிட்டதாகாது. வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது தனி மருத்துவம். குந்தலஹள்ளி அருகே கருணாஷ்ரயா, முற்றிய புற்றுநோயாளிகளை 1999 முதல் தன் வளாகத்தில் கட்டணமின்றிப் பராமரித்து வருகிறது. வலி நிவாரணமும் தாதியும் எனக்கு வேண்டும் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

எழுதியதைப் பீரோவில் பூட்டாதீர்கள். பெயர் குறித்த இருவரிடமும் குடும்ப டாக்டரிடமும் ஒவ்வொரு நகல் இருக்கட்டும். மாநகராட்சியின் உரிய அலுவலரிடமும் ஒரு நகல் சேர வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.