நாய்க்கு நட்ட கல்

ஐந்து வயதுச் சிறுவனிடம் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தால், அவன் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்தில் அது கிழப்பருவம் எய்தி இறக்கின்றது. நாயின் வாழ்நாள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் அளவினதே. ஆகவே, பல இல்லங்களில் பிள்ளைகள் காணும் முதற் சாவு, தாம் வளர்த்த நாயின் சாவாகவே அமைகின்றது. அவ்வேளையில் பெரியோர் கூறும் ஆறுதல் யாது? "நாய்தானே! இதற்கா அழுவது?" என்பதே. இச்சொல் எனக்கு உடன்பாடன்று.

ஒருவரை இகழ எண்ணினால் நாம் முதலில் எடுத்தாளும் பெயர் நாயின் பெயர். வாயிலிற் கிடந்து நம் உறக்கத்தைக் காத்த உயிருக்கு நாம் அளிக்கும் கூலி இது! இவ்விகழ்ச்சியே அழும் சிறுவனை நாணச் செய்கின்றது. அவன் மாட்டுக் கொட்டிலின் பின்னே மறைந்து அழுகின்றான்.

நம் முன்னோர் இவ்வாறு நாணினாரல்லர். போளூரில் நின்று மேற்கே நோக்கினால் சவ்வாது மலைத்தொடர் தோன்றும். அம்மலைப் பகுதியிலும் அதனை அடுத்த செங்கம் வட்டாரத்திலும் பழைய நடுகற்கள் மிகுதி. அவற்றுள் ஒன்று எடத்தனூரில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில், எழுந்தது அது. எருமைகளைக் காக்க நேர்ந்த பூசலில் உயிர் துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அக்கல் நடப்பெற்றது. வீரனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. ஊர்த்தலைவர் எத்துணையோ பேரின் பெயர் மறைந்தொழிந்தது. அந்த நாயின் பெயரோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கின்றது!

கன்னட நாட்டிலும் இதற்கு இணையான கல் ஒன்று உண்டு. கி.பி. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடர்க்கும் சோழர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் அதில் மாண்டான். அப்போரில் திறம் காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, 'வேண்டுவது கேள்' என்றான் கங்க மன்னன் பூதுகன். அவன் வேண்டியது காளி என்னும் வேட்டை நாயை! பின்னர்க் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, அப்பன்றியும் காளியும் ஒருங்கே மாண்டன. மணலேரன் ஆதகூர்க் கோயிலின் முன் அதற்குக் கல் நாட்டினான். வழிபாட்டிற்கு நிலமும் விடப்பட்டது. அக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

போர்க்களம் கண்ட மறவனே தன் நாய்க்காக வருந்தினான் எனில், பத்து வயதுப் பாலகன் வருந்துவதில் இழிவு என்ன? எடத்தனூர்க் கல்லில் மற்றொன்றும் கருதத்தக்கது. அந்நாய் எங்ஙனம் மாண்டது என்று அக்கல் விரித்துரைக்கவில்லை. அதன் பெயரையும் அது செய்த செயலையுமே உரைக்கின்றது. துயருற்றவர் நெஞ்சமோ இறுதி நாளையே சுற்றிச் சுழலும். "முன்னரே மருத்துவரிடம் கொண்டு சென்றிருக்கலாமே, அன்று கட்டிப் போட்டிருக்கலாமே" என்று அது தன்னையே குற்றஞ்சாட்டும். அப்போது பெரியோர் அச்சிறுவனை அருகில் அமர்த்தி, அந்நாய் செய்த குறும்புகளையும் காத்த காவலையும் அவன் வாயாலேயே சொல்லச் செய்தல் நன்று.

"எங்கோ ஓடிப்போயிற்று" என்று பொய் கூறுதல் கூடாது. அப்பொய்யை நம்பிய குழந்தை நாள்தோறும் தெருமுனையை நோக்கிக் காத்திருக்கும். இறந்த உடலை ஏரிக்கரையில் எறிந்துவிட்டு வருதலும் தகாது. தோட்டத்தின் ஓரத்தில் ஆழமாகக் குழி தோண்டுக. மண் இடும்போது பிள்ளையும் உடன் நிற்கட்டும். அவன் விரும்பினால், அங்கே ஒரு கல்லை நட்டுக் கரியால் பெயர் எழுதட்டும். மழை அதை அழிக்கும், அழித்தால் அழிக்கட்டும்.

மறுநாளே வேறொரு குட்டியைக் கொணர்ந்து அவன் மடியில் இடுவோரும் உளர். அன்பினால் செய்வதே, எனினும் உடைந்த பானைக்கு மாற்றுப் பானை வாங்குவது போன்றது அச்செயல். சில திங்கள் கழிந்தபின் அவனே வாய்விட்டுக் கேட்பான். அதுவரை பழைய சங்கிலி திண்ணைத் தூணின் ஆணியிலேயே தொங்கட்டும்.