தப்பான திசையில் ஐந்து ரைபிள்

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஐந்து எக்ஸ்-மிலிட்டரிக்காரர்கள் ஐந்து ரைபிளோடு நின்றிருந்தால் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு விஷச் சாராயச் சாவும் விழுந்திருக்காது. சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் முழுக்க ‘வி.எஃப்.டபிள்யூ.’ என்ற 2019ஆம் வருட அமெரிக்கப் படத்தின் கதையும் அதற்கான புகழுரையும். எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர். தினமும் கல்வராயன் மலை முகத்தில் விழிப்பவர். சென்னையில் உட்கார்ந்து யாரோ எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கோமுகி அணைத் தண்ணீரைக் குடித்தவர் இப்படி எழுதுவதை விட்டுவிட முடியாது.

அவர் வாதத்தை அவர் பக்கம் நின்றே சொல்லிவிடுகிறேன். போலீஸ் தூங்குகிறது, கோர்ட் இழுக்கிறது, கட்சிக்காரன் பங்கு வாங்குகிறான். இந்த நிலையில் பயிற்சி பெற்ற கைகள் ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வீணாகின்றன. அந்தக் கைகளில் அரசே துப்பாக்கியைக் கொடுத்து மலையடிவாரத்தில் நிறுத்தினால் சாராயம் இறங்காது. அந்தப் படம் இதைத்தான் சொல்கிறது. பெரிய ஸ்டார் இல்லாமல் கொஞ்சப் பணத்தில் எடுத்த படம் என்பதால் உண்மையையும் சொல்கிறது. இதுதான் அவர் கட்சி. முதல் பாதியில் எனக்கும் சண்டை இல்லை. போலீஸ் தூங்கியது உண்மை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பாக்கெட் சாராயம் பகிரங்கமாக விற்றது. 2024 ஜூனில் சாவுகள் தொடங்கிய அன்று சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகமே சொன்னது. கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குள் ஜிப்மருக்கும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. செத்தவர்கள் 65 பேருக்கும் மேல்.

ஆனால் நண்பரின் ஐந்து ரைபிள்களும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன? மலையைப் பார்த்து. கல்வராயனில் ஊறல் போடுவது ஊருக்கே தெரியும். ஓடைக்கரையில் பேரலைப் புதைத்து, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, லாரி டியூபில் அடைத்து இறக்குவார்கள். போலீஸ் போய் ஊறலைக் கொட்டுவதும், அடுத்த வாரம் வேறு ஓடையில் பேரல் முளைப்பதும் வழக்கம். அது கெடுதல்தான், நான் அதற்கு வக்கீல் இல்லை. ஆனால் கருணாபுரத்தைக் கொன்றது வேலம்பட்டைச் சாராயம் இல்லை, மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் அந்தச் சரக்கு காய்ச்சுகிற பானையில் உண்டாகி மலையிலிருந்து இறங்கவில்லை. சென்னைப் பக்கமிருந்து, சமவெளியில், ரோடு வழியாக வந்தது. முந்தின வருடம் 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் மெத்தனால்தான். அதுவும் சென்னைப் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து போனதுதான். ஆக, நண்பரின் ஐந்து வீரர்களும் ராத்திரி முழுக்கக் கண் விழித்து மலைப்பாதையைக் காவல் காத்திருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் விஷம் வந்து இறங்கியிருக்கும்.

மெத்தனாலை வாங்கவும் வைக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் 1959 முதலே உரிம விதிகள் இருக்கின்றன. எந்த ஆலைக்கு எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை செலவானது, மீதி எங்கே என்று இருப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டிய அதிகாரி பார்க்கவில்லை. வேலி உடைந்த இடம் அது. உள்ளே போன மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். கண் நரம்பு கெடும், ரத்தம் புளிக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் மங்கல் பார்வையும் தெரியும். அந்த இடைவெளியில் உயிரைக் காப்பது ஃபோமெபிசோல் மருந்தும் டயாலிசிஸ் இயந்திரமும், ‘இது விஷச் சாராயம், உடனே ஆஸ்பத்திரிக்கு வா’ என்று உண்மையைச் சொல்லும் நிர்வாகமும். ரைபிளுக்கு இதில் எங்கே வேலை?

இனி படத்துக்கு வருகிறேன். ஜோ பெகோஸ் இயக்கியது. பழைய படைவீரர்கள் கூடும் ஒரு மதுக்கூடத்தில் வியட்நாம் போரில் சண்டையிட்ட கிழவர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். போதை வியாபாரியிடமிருந்து சரக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடிவருகிறாள். பின்னாலேயே போதை அடிமைகளின் கூட்டம். ராத்திரி முழுக்க வெட்டு, குத்து. ஸ்டீபன் லாங், வில்லியம் சாட்லர், படம் வந்தபோதே 80 வயதைத் தாண்டியிருந்த ஃப்ரெட் வில்லியம்சன்: இவர்கள் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டு குடிக்கும் தொடக்கக் காட்சிகள் எனக்கும் பிடித்தன. கிழவர்களைக் கிழவர்களாகவே காட்ட நம் ஊரில் எவ்வளவு பேருக்குத் தைரியம் இருக்கிறது என்று யோசித்தேன். அதன் பிறகு கோடாலி வந்துவிடுகிறது.

கொஞ்சப் பணத்தில் எடுத்ததால் உண்மையான படம் என்கிறார் நண்பர். நேர்மாறு. ஒரு கட்டிடம், ஒரு ராத்திரி, உள்ளே சிலர், வெளியே கூட்டம்: இது சினிமாவில் மலிவாக எடுக்கக்கூடிய கதைகளில் ஒன்று. 1959இல் ஹோவர்ட் ஹாக்ஸ் ‘ரியோ பிராவோ’ எடுத்தார். 1976இல் ஜான் கார்பென்டர் அந்த அச்சையே எடுத்துக்கொண்டு கையில் சொற்பப் பணத்தோடு ‘அசால்ட் ஆன் ப்ரீசிங்ட் 13’ எடுத்தார். பெகோஸ் அந்த வரிசையில் வருகிறவர். ஒரே அறைக்குள் படத்தை முடிக்க வேண்டுமென்றால் வெளியே இருப்பவனுக்கு முகம் இருக்கக் கூடாது. அவனுக்கு ஒரு வீடு, ஒரு அம்மா, அவன் போதைக்கு விழுந்த கதை என்று காட்டப் போனால் இன்னும் நாலு செட் போட வேண்டும். போதை எந்த ஆலையில் தயாரானது, யார் லாரி, எந்த ஸ்டேஷனுக்கு மாமூல், எந்தக் கட்சி ஆபீசில் பேரம் என்று போனால் தயாரிப்பாளர் ஓடிவிடுவார். ஆகவே எல்லாப் பாவமும் வாசலில் வந்து மோதுகிற கூட்டத்தின் தலையில். பட்ஜெட் நெருக்கடியில் உண்டான சௌகரியத்தை நண்பர் தத்துவமாக எடுத்துக்கொண்டு வடக்கனந்தலுக்கு இறக்குமதி செய்கிறார்.

அந்தப் படத்தில் அதிகம் வெட்டுப்படுவது யார்? வியாபாரி அல்ல, அடிமைகள். ஜோம்பிகளைப்போலக் கூட்டம் கூட்டமாக வந்து சாகிறவர்கள் போதைக்கு அடிமையான ஏழைகள். அந்தக் கூட்டத்தை அப்படியே தூக்கி நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அவர்கள் கருணாபுரத்துக்காரர்கள். கூலி வேலை முடிந்து உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்தவர்கள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவிக்க வேண்டிவந்தது. நண்பர் கைதட்டிப் பார்த்த படத்தில் இந்தப் பிள்ளைகளின் அப்பாவைத்தான் கிழவர்கள் கோடாலியால் பிளக்கிறார்கள்.

இது சினிமா, நிஜத்தில் ராணுவக்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அவர் சொல்லக்கூடும். நிஜத்திலும் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்து 1975இல் ஊர் திரும்பிய அண்ணா ஹசாரே. மகாராஷ்டிரத்தின் ராலேகண் சித்தியில் சாராயத்தை ஒழிக்கப் புறப்பட்டவர். சாராயக் கூடங்களை மூடவைத்தார், மறுக்கவில்லை. ஆனால் ராணுவ பெல்ட் யார் முதுகில் விழுந்தது? குடித்துவிட்டு வந்தவர்களைக் கோயில் கம்பத்தில் கட்டி அடித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குடிகாரன் முதுகு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சாராய முதலாளியின் முதுகு எட்டுவதில்லை. அந்த ஊர் மேலே வந்ததற்கு மழைநீரைத் தேக்கிய வேலைதான் பெரிய காரணம் என்பதை அவருடைய ரசிகர்களே சொல்வார்கள்.

துப்பாக்கியின் கதையும் இதேதான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைக்கிராமங்களிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். மரத்தை வாங்கி ஏற்றுமதி செய்த பெரும்புள்ளி ஒருவன்கூட அந்தப் பிணங்களுக்கிடையே இல்லை. நம் கல்வராயனிலிருந்தும் அந்தக் கூலிக்கு ஆள் போனது நண்பருக்குத் தெரியாததல்ல. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. ரோடும் வேலையும் போகாத மலைக்கு ஏஜெண்ட் மட்டும் தவறாமல் போவான்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுங்கின, கிணறுகள் பாழாயின. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே ஏழை மலைமக்களைப் பலிகொடுத்தார்கள் என்ற கருத்தை 2023 செப்டம்பர் 29 தீர்ப்பில் உயர்நீதிமன்றமே சொன்னது. அப்போது மலையேறியவர்களிடம் சீருடை இருந்தது, சட்டம் இருந்தது, மேலதிகாரி இருந்தார். அப்படியும் அப்படி நடந்தது. சீருடையும் மேலதிகாரியும் இல்லாத ஐந்து பேருக்கு ரைபிள் கொடுக்கச் சொல்கிறார் நண்பர்.

இதைச் செய்து பார்த்த இடமும் இருக்கிறது. 1995இல் ஜம்முவின் தோடா பகுதியில் கிராமப் பாதுகாப்புக் குழுக்களை அமைத்து .303 ரைபிள்களைக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் அவற்றை வழிநடத்தினார்கள். எல்லைதாண்டி வந்தவன் சுடுகிற மலை அது, தேவை இருந்தது. அங்கேயே பிறகு அந்த ரைபிள்களை வைத்துச் சொந்தப் பகை தீர்த்ததாகக் கொலை வழக்குகள் வரை பதிவாயின. வடக்கனந்தலில் வரப்புத் தகராறும் பங்காளிச் சண்டையும் சாதிக் கணக்கும் இல்லையா என்ன?

தமிழ்ப் படங்களையும் துணைக்கு அழைத்திருக்கிறார் நண்பர். 1996 ‘இந்தியன்’ சேனாபதி நேதாஜி படையில் இருந்தவர், அந்த வருடத்தில் அந்த வயது பொருந்தியது. 2024 ஜூலை 12 அன்று, கருணாபுரத்துச் சாவுகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டிய அதே சேனாபதி ‘இந்தியன் 2’இல் வர்மம் போட வந்தார். ஜனம் தியேட்டரை விட்டு வெளியே வந்தது. 2022 ‘விக்ரம்’ ஓடியது, நானும் ரசித்தேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் போதைத் தடுப்புக் கொள்கை எழுதவில்லை. நண்பர்தான் முதல் ஆள்.

நிஜ எக்ஸ்-மிலிட்டரிக்காரர்களை அவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம். 2023 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே துணி துவைத்த தகராறில் ராணுவ வீரர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கண்டித்து நடந்த கூட்டத்தில், எங்களுக்குக் குண்டு வைக்கவும் சுடவும் தெரியும், செய்யவைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் பேசினார். நண்பரின் படத்தில் இதற்கு விசில் பறந்திருக்கும். சென்னையில் அந்தக் கர்னல்மேல் வழக்குப் பதிவானது. கொலை செய்தவர்களைப் பிடித்தது அதே தூங்குமூஞ்சி போலீஸ்தான். 2015இல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் திரண்டபோது, போர் பல கண்ட அவர்கள் தேர்ந்தெடுத்தது தொடர் உண்ணாவிரதம். சட்டை கசங்க போலீஸ் இழுத்தபோதும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

எனக்குத் தெரிந்த மிலிட்டரிக்காரர்களில் பலருக்கு மூட்டுவலி, சர்க்கரை, பேத்தி கல்யாணக் கவலை. மாதம் ஒருமுறை கேண்டீனுக்குப் போய்க் கோட்டா ரம் வாங்கிவருகிறார்கள். சாராயத்துக்கு எதிராக நண்பர் நிறுத்தப்போகும் படை இதுதான். அவர்களை ரைபிளோடு மலையடிவாரத்தில் நிறுத்தினால் யார் சாவார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. 2025 மார்ச்சில் திருநெல்வேலியில், நில விவகாரத்தில் எதிர்த்து நின்ற ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஜாகிர் உசேன், தன் உயிருக்கு ஆபத்து என்று வீடியோவில் சொல்லியும், அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். சினிமாக் கிழவருக்குப் பின்னணி இசை உண்டு. இவருக்குக் கேட்ட பாதுகாப்புகூடக் கிடைக்கவில்லை.

கோர்ட் இழுக்கிறது என்கிற குறை மிச்சமிருக்கிறது. இழுக்கத்தான் செய்கிறது. வாச்சாத்திக்கு முதல் தீர்ப்பு 2011இல் வந்தது. 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே செத்துப்போன 54 பேர் போக, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. மேல்முறையீடு முடிய இன்னும் 12 வருடம். ஆனால் காக்கிச் சட்டை போட்ட அத்தனை பேரைத் தண்டித்தது எந்தக் கோடாலி? எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பஸ் ஏறி வந்து, அடையாள அணிவகுப்பில் கை நீட்டி, குறுக்கு விசாரணையில் அவமானப்பட்டு, மறுபடியும் வந்து சொன்ன சாட்சியம் தண்டித்தது. மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் கட்சித் தோழர்களும் கூடவே அலைந்தார்கள்.

கள்ளக்குறிச்சி வழக்கை 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அது விசாரணைக்கு வரும்போது, எந்தச் சந்தில் எவன் பாக்கெட் கொடுத்தான், எவன் மாமூல் வாங்கினான் என்று கூண்டிலேறிச் சொல்லக் கருணாபுரத்துப் பெண்கள் போக வேண்டும். போகிற வழியில் மிரட்டுவார்கள், பணம் காட்டுவார்கள், பிறழச் சொல்வார்கள். நண்பரிடம் நிஜமாகவே ஐந்து மிலிட்டரிக்காரர்கள் இருந்தால் ரைபிளை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் பெண்களோடு பஸ்ஸில் ஏறட்டும், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் உட்காரட்டும். முதல் வாய்தாவின் பஸ் காசை நான் தருகிறேன்.