குபா இல்லாவிட்டால் பள்ளிவாசல் இல்லையா?

பக்கத்து ஊர் ஜமாஅத்தார் தங்கள் பழைய கல் பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்துள்ளனர். வரைபடத்தில் நான்கு மினாராக்கள், பெரிய குபா, சுற்றிலும் கண்ணாடி. "குபா இல்லாவிட்டால் பள்ளிவாசல் என்று யாருக்குத் தெரியும்?" என்று நிர்வாகி ஒருவர் கேட்டார்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிக்குச் சுடாத மண்கல்லே சுவர், பேரீச்ச மரங்களே தூண்கள், அவற்றின் மட்டைகளே கூரை. குபாவும் இல்லை, மினாராவும் இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த உயரமான வீட்டின் மேல் நின்று பாங்கு சொன்னார்கள். அப்பள்ளிக்கு மினாராக்கள் வந்தது பின்னர், உமையாக்கள் காலத்தில்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். கீழக்கரையின் பழைய பள்ளியில் கல்தூண்களும் தட்டைக் கூரையும் பூவேலை செதுக்கிய போதிகைகளும் இருக்கின்றன. கோயில் கட்டிய சிற்பிகளின் அதே மரபுதான். உருவங்கள் மட்டும் இல்லை. அதைக் கண்டு எவருடைய ஈமானும் குறைந்துவிடவில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. துருக்கியின் அங்காராவில் கொஜாதெபே பள்ளிக்காக வேதாத் தாலோகாய் தந்த புதுமையான வடிவம் 1957இல் தேர்வாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, அடித்தளத்தோடு அதைக் கைவிட்டு, உஸ்மானியர் பாணியில் வேறொன்றைக் கட்டினார்கள். அதே கலைஞர்தான் இஸ்லாமாபாத்தின் ஷா ஃபைசல் பள்ளியைப் பாலைவனக் கூடாரம் போல வடிவமைத்தார். அதற்குக் குபா கிடையாது. 1986இல் கட்டி முடிக்கப்பட்ட அப்பள்ளியே இன்று அந்நகரின் அடையாளம்.

என் மனம் கவர்ந்தது டாக்காவிலுள்ள பைத்துர் ரவூஃப் பள்ளி. மரீனா தபஸ்ஸும் என்ற பெண் கட்டடக் கலைஞர், தம் பாட்டியார் கொடுத்த நிலத்தில் 2012இல் கட்டி முடித்தார். செங்கல் சுவர்கள், குபா, மினாரா இரண்டும் இல்லை. சுவரின் இடைவெளிகளில் காற்றும் கூரைத் துளைகளில் வெளிச்சமும் இறங்குகின்றன. 2016இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. வங்காளத்தின் வெயிலும் நம் வெயிலுக்குச் சளைத்ததன்று. கண்ணாடிச் சுவருக்குள் லுஹர் தொழக் குளிர்சாதனம் வேண்டும், அதற்கு மின்கட்டணம், அதற்கு ஜும்ஆதோறும் வசூல்!

இடநெருக்கடி உண்மைதான், மறுக்கவில்லை. பெண்களுக்கும் தொழ இடம் வேண்டும். அதற்குப் பழையதை இடிப்பானேன்? அதை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு கிழக்கே விரிவாக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் ஜும்ஆவுக்குப் பின் கூட்டம் கூடுகிறது.