கையில் ஒரு மாமியார்

நண்பர் ஒருவர். கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், வயது 34. போன வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் இவருக்கு 112. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க. ஷுகர் இன்னும் வீட்டுக்குள்ள வரலை, வாசல்ல நிக்குது. திருப்பி அனுப்பறது உங்க கையில" என்றாராம்.

நண்பர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சாயங்காலமே கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாசலில் நிற்கும் கூட்டம் சின்னதில்லை. வெறும் வயிற்றில் 100-லிருந்து 125 வரை இருந்தால் இந்த க்யூ. 126-ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அப்படியே இருந்தால் உள்ளே வந்தாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023 ஆய்வுப்படி நம் நாட்டில் உள்ளே 10 கோடிப் பேர். வாசலில் 13 கோடிக்கு மேல்!

வாட்ச் வந்த பிறகு நண்பர் பாடு திண்டாட்டம். "மாமியார் மாதிரி ஸார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தா பொறுக்காது. விர்ர்னு கையைப் பிடிச்சு உலுக்குது." தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்னதாம். முதல் வாரம் நடந்தார். இரண்டாம் வாரம் ஒரு ரகசியம் கண்டுபிடித்தார். வாட்ச் எண்ணுவது காலை அல்ல, கை வீச்சை. சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்தபடியே கையை ஆட்டி எண்ணூறு அடி 'நடந்து' விட்டார். மாமியாரை ஏமாற்றியாச்சு. ஷுகர் ஏமாறுமா?

அந்தப் பத்தாயிரமும் எந்த டாக்டரும் சோதித்துச் சொன்ன கணக்கில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965-ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ கே'. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். விளம்பரத்துக்கு வைத்த பெயர், உலகத்துக்கே வேதவாக்காகிவிட்டது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

சரி, கருவி கட்டினால் உடம்பு இளைக்குமா? 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. குண்டான இளைஞர்கள், யுவதிகள் 471 பேர். எல்லோருக்கும் ஒரே மாதிரி சாப்பாட்டு யோசனை, நடை. பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கருவி. இரண்டு வருஷம் கழித்து எடை போட்டால், கருவி கட்டியவர்கள் மூன்றரைக் கிலோ இளைத்திருந்தார்கள். கட்டாதவர்கள் ஏறக்குறைய ஆறு கிலோ!

அதற்காகக் கழற்றி எறிய வேண்டாம். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வையும் கேளுங்கள். 'வாசலில் நிற்கும்' ஆண்கள் 537 பேர், எல்லாம் வேலைக்குப் போகிற நம்மைப் போன்ற ஆசாமிகள். பாதிப் பேருக்கு 'நடங்க, எண்ணெயைக் குறைங்க' என்கிற ரீதியில் அடிக்கடி எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில், எஸ்.எம்.எஸ். வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஷுகர் வந்தது. வந்தவர்களில் 18 பேருக்குத்தான்.

ஆக, சமாசாரம் கருவியில் இல்லை. ஞாபகப்படுத்தினால் எழுந்து போகிறோமா என்பதில் இருக்கிறது. எழுந்தால் என்ன ஆகிறது? வேலை செய்கிற தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. இன்ஸுலின் சிபாரிசுக்குக்கூட அதிகம் காத்திருப்பதில்லை. அதனால்தான் மதியம் கேன்டீனில் தயிர் சாதம் முடித்ததும் பதினைந்து நிமிஷ நடைக்கு அத்தனை மதிப்பு.

ஒரு எச்சரிக்கை. ஊசி குத்தாமலே ஷுகர் அளவு சொல்லும் என்று விற்கிற வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எறும்புக்கடி அளவுதான் வலி.

போன வாரம் நண்பரைப் பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது.

"மாமியார் எங்கேய்யா?"

"சார்ஜ் தீர்ந்து டிராயர்ல தூங்குது ஸார். மறுபடி டெஸ்ட் பண்ணினேன், 97."

"அப்ப யார் எழுப்பி விடறது?"

"அதை ஏன் கேக்கறீங்க... சாப்பிட்டு உட்கார்ந்தா போதும், வெறும் கையே விர்ருங்குது!"