இலாகா இரண்டு, வேலை ஒன்று

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிச் செல்லும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. பௌர்ணமிதோறும் திரளும் யாத்திரிகர் எறியும் பிளாஸ்டிக் பை மழைநீரோடு வாய்க்காலில் இறங்கினால் ஏரி மதகை அடைக்கும். மிச்சச் சோற்றுக்காக அதனை விழுங்கும் மாட்டின் வயிற்றிலோ அது செரியாது தங்கி, உயிருக்கே உலை வைக்கும். இது சுகாதார இலாகாவின் காரியமா, சுற்றுச்சூழல் இலாகாவின் காரியமா என்று வாதிப்பதிற் பிரயோஜனமில்லை.

இவ்விரண்டிற்கும் தலைமை வகித்தவர் ஸ்ரீமதி சுப்ரியா சாஹு. அவர் நீலகிரி ஜில்லா கலெக்டராயிருந்தபோது பிளாஸ்டிக்கை விலக்கும் இயக்கத்தை நடத்தினார். அந்த ஜில்லாவில் 2003 ஜூன் 24-ல் ஒரே நாளில் 42,182 மரக்கன்றுகள் நடப்பட்டன. 2021-ல் சுற்றுச்சூழல் இலாகாச் செயலாளரானார். அவ்வாண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. 2024-ல் சுகாதாரத்துறைச் செயலாளரானார். 2025-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் அவருக்கு விருதளித்தனர்.

விருதினும் கவனிக்கற்பாலது வேறொன்று. நீலகிரியில் அன்று தொடங்கியது மாநிலம் முழுவதற்கும் தடையுத்தரவாக வர 2019 ஜனவரி 1 வரை ஆயிற்று. உத்தரவு வந்த பின்னும் பை ஒழிந்தபாடில்லை. உத்தியோகஸ்தர் எத்துணைத் திறமையுடையவராயினும் மாற்றலாகிச் செல்பவரே. நிலக்காரரும் ஊராட்சித் தலைவரும் அவ்வாறல்லர். ஏரியும் மாடும் அவர்களுடையவை. மேலிருந்து ஆள் வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பது விந்தையே.

கார்த்திகை தீபக் கூட்டம் சேருமுன் வரத்து வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துப் பைகளை அகற்றும் வேலையை ஊராட்சியார் தொடங்கலாம். மதகு அடைபட்ட பின் ஆகும் கூலியை நோக்க இதன் செலவு சொற்பமே.