டிப்ஸ் வேண்டாம், விளக்கம் வேண்டும்

போன ஞாயிறு பழவேற்காடு போயிருந்தேன் (நண்டுக்காகத்தான், வேறென்ன!). படகுக்கார அண்ணன் திடீர்னு கேட்டார், "தம்பி, கம்ப்யூட்டர்ல வேல பாக்குறீங்களே, இந்த ஆப்ஷன்னா இன்னா?" வலை வாங்க வைத்திருந்த இருபதாயிரத்தை டெலிகிராமில் எவனோ கொடுத்த டிப்ஸை நம்பி விட்டிருக்கிறார். மூணே நாள்.

2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2024 செப்டம்பரில் செபியே சொன்ன கணக்கு. டிப்ஸ் ஆசாமிகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சோம.வள்ளியப்பன் 'அள்ள அள்ளப் பணம்' எழுதினார். இன்ஜினியரிங் முடிச்சும் பங்குன்னா என்னன்னு தெரியாத எனக்கு அதுதான் அரிச்சுவடி (தலைப்புதான் கொஞ்சம் உறுத்தும் :-)). எதை வாங்குன்னு சொல்றவர் வேண்டாங்க. அது எப்படி வேலை செய்யுது, எவ்வளவு போகும்னு நம்ம பாஷையில் சொல்றவர் போதும்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு'ன்னு ஒரு வழக்கம். எந்த இடத்தில் யார் வலை போடுவதுன்னு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மோசமான இடமே ஒருத்தர் தலையில் விழாது. ஒரே கம்பெனியில் கொட்டாமல் பல கம்பெனிகளில் பிரித்துப் போடும் ம்யூச்சுவல் ஃபண்டை இதை வைத்தே விளக்கலாமே? அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் சொல்லிப் பார்த்தேன்.

"அதுலயும் மீன் படாத நாள் உண்டா?"

"உண்டுண்ணே. வருஷக்கணக்கில்கூட."

"இத்த அவன் சொல்லலியே தம்பி" என்றார்.